கடல் கடந்து வரும் மின் வண்டிகள்



ஓமந்தை கடலோர ஊர் அன்று. வவுனியா நகருக்கு வடக்கே, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருந்தெரு வயலையும் குளத்தையும் காட்டையும் ஊடறுத்துப் போகுமிடத்தில் அமைந்தது அவ்வூர். ஆயினும், அத்தெருவின் ஓரத்தில் இன்று சிறிது நேரம் நிற்பவர், கடல் கடந்து வந்த பொருள்களைக் காணாதிருக்க மாட்டார். புத்தம் புதிய மோட்டார் வண்டிகளைச் சுமந்த பாரவூர்திகள் வடக்கு நோக்கிச் செல்கின்றன. அவற்றுட் சில, எண்ணெயும் வேண்டாது புகையும் விடாது ஓடும் மின் வண்டிகள்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கை அரசு நிறுத்திவைத்த வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. அன்று முதல் யப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வண்டிகள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் வந்து இறங்குகின்றன. இலங்கை ஒரு தீவு. ஓமந்தை உழவர் ஒருவர் வாங்கும் வண்டியும், வவுனியா ஆசிரியை ஒருவர் வாங்கும் மின் மோட்டார் சைக்கிளும், கப்பலேறியே வர வேண்டும். அவை வரும் வழியில் நிகழக்கூடிய இடர் யாது, அதனைத் தடுக்கும் வழி யாது என்பவை கடலோர மக்களுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல.

முதலில் மின் வண்டியின் உள்ளுறுப்பை நோக்குவோம். அதன் உயிர்நிலை அடித்தளத்தில் பொருத்தப்பட்டிருக்கும் பற்றரியாகும். அஃது ஒரு தனிப்பொருளன்று. நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான, இலிதியம் அயன் மின்கலங்களின் தொகுதி. ஒவ்வொரு மின்கலத்திலும் இரண்டு மின்வாய்கள் உள்ளன. அவ்விரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு மெல்லிய தாள் போன்ற பிரிப்பான் ஒன்று நடுவே நிற்கிறது. அவற்றைச் சூழ்ந்து மின்பகுபொருள் உண்டு. அதில் அடங்கிய சேதனக் கரைப்பான் எளிதில் எரியக்கூடியது.

இந்த மெல்லிய பிரிப்பான் கிழியாமலும் உருகாமலும் இருக்கும் வரை வண்டி அமைதியாக ஓடும். தொழிற்சாலையில் நேர்ந்த சிறு குற்றம், விபத்தில் பட்ட அடி, அளவுக்கு மீறிய மின்னேற்றம், வெளியிலிருந்து தாக்கும் பெருவெப்பம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றினால் அது பழுதுற்றால், மின்கலத்தினுள் குறுஞ்சுற்று ஏற்படுகிறது. வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பம் இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்துகிறது. விரைவுற்ற தாக்கங்கள் மேலும் வெப்பத்தைத் தருகின்றன. ஒரு கலத்தின் சூடு அடுத்த கலத்தைத் தாக்க, அதன் சூடு அதற்கடுத்ததைத் தாக்குகிறது. இந்நிலையை வெப்பக் கட்டுமீறல் எனலாம்.

வன்னி உழவருக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. ஈரம் உலராத வைக்கோலைப் போராக அடுக்கிவிட்டால் என்ன நிகழும் என்பதை அவர் அறிவார். மேலே தொட்டால் குளிர்ந்திருக்கும். உள்ளே கையை விட்டால் வெந்து கொதிக்கும். உட்சூடு வெளியேற வழியின்றி மேன்மேலும் பெருகிச் சில வேளைகளில் தானே தீப்பற்றுவதும் உண்டு. மேலே குடங்குடமாக நீர் ஊற்றினாலும் நடுவே கனலும் நெருப்பை அது சென்றடையாது. பற்றரித் தீயின் இயல்பும் ஏறத்தாழ இத்தகையதே. வைக்கோற் போர் கனல நாட்கள் செல்லும். பற்றரிக்குச் சில நிமிடங்கள் போதும் என்பதே வேற்றுமை.

பற்றரி சூடேறும்போது ஐதரசன், காபனோரொட்சைட்டு போன்ற எரியும் வாயுக்களும், ஐதரசன் புளோரைட்டு என்னும் நச்சு வாயுவும் வெளிப்படுகின்றன. சிலவகை மின்கலங்களில் நேர்மின்வாய்ப் பொருளே ஒட்சிசனை விடுவிக்கும். இரும்புப் பொசுபேற்றைக் கொண்ட மின்கலங்கள் இதனினும் உறுதியானவை. எனினும் அவையும் தீக்கு முற்றும் அப்பாற்பட்டவை அல்ல. அணைந்துவிட்டதாகக் கருதப்பட்ட பற்றரி, சில மணி நேரத்தின் பின்னரோ சில நாட்களின் பின்னரோ மீண்டும் மூண்டெரிவதும் உண்டு. ஆகவேதான் தீயணைப்போர் சுவாலையை அடக்குவதோடு நில்லாது, நெடுநேரம் நீரைப் பாய்ச்சிப் பற்றரியைக் குளிர்விக்க முயல்கின்றனர்.

தரையில் இது நிகழ்ந்தால், தீயணைப்பு வண்டி வரும். மக்கள் விலகி நிற்பர். எரிந்த வண்டியை வெட்டவெளிக்கு இழுத்துச் செல்லலாம். கடலில் இவற்றுள் ஒன்றும் இயலாது. மோட்டார் வண்டிகளைச் சுமக்கும் கப்பல் பத்துக்கும் மேற்பட்ட தளங்களைக் கொண்ட மிதக்கும் மாடிக் கட்டடம் போன்றது. வண்டிகள் தாமே ஓடி ஏறி, தாமே ஓடி இறங்கும் வகையில் அத்தளங்கள் நெடுகத் திறந்தவையாக அமைந்துள்ளன. வண்டிக்கும் வண்டிக்கும் இடையே சில இடங்களில் ஒரு சாண் இடைவெளியே இருக்கும். அங்கே ஒரு வண்டி எரியத் தொடங்கினால், நீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அதனருகே செல்வதே அரிது.

2025ஆம் ஆண்டு யூன் 3ஆம் நாள் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 'மோர்னிங் மிடாசு' என்னும் கப்பல், சீனாவின் யந்தாய்த் துறைமுகத்திலிருந்து மெக்சிக்கோ நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்த வண்டிகள் 3048. அவற்றுள் 70 முழு மின் வண்டிகள். 681 எண்ணெயும் மின்னும் கலந்து ஓடுபவை. மாலுமிகள் 22 பேர். கணக்கிட்டால் ஒருவருக்கு ஏறத்தாழ 140 வண்டிகள் காவலாகின்றன. அலாசுக்காவின் தீவுக் கூட்டத்துக்குத் தெற்கே, மின் வண்டிகள் நின்ற தளத்திலிருந்து புகை எழக் கண்டனர். கப்பலிலிருந்த தீயணைப்பு முறைகளைக் கையாண்டும் பயன் கிட்டவில்லை. மாலுமிகள் அனைவரும் உயிர்காப்புப் படகில் இறங்கி, அவ்வழியே வந்த வணிகக் கப்பலொன்றினால் மீட்கப்பட்டனர். யூன் 23ஆம் நாள் அக்கப்பல், ஏறத்தாழ 5000 மீற்றர் ஆழமுள்ள கடலில் தன் சுமை முழுவதோடும் மூழ்கியது.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 2022 பெப்ரவரியில், 'பெலிசிற்றி ஏசு' என்னும் கப்பலும் இவ்வாறே ஏறத்தாழ 4000 வண்டிகளோடு அத்திலாந்திக் கடலில், அசோர்சுத் தீவுகளுக்கு அருகே தீப்பற்றி மார்ச்சு முதலாம் நாள் மூழ்கியது. இத்தகைய செய்திகளைக் கேட்ட உலகம், மின் வண்டியே கப்பலை எரிக்கும் கொள்ளி என்று தீர்ப்புக் கூற விரைந்தது. அத்தீர்ப்பு எவ்வளவு பொருத்தமானது என்பதை ஆராய வேண்டும்.

2023ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில், நெதர்லாந்து நாட்டின் கரைக்கு அப்பால் 'பிரீமாண்டில் ஐவே' என்னும் கப்பல் தீப்பிடித்தது. அதில் 3784 வண்டிகள் இருந்தன. அவற்றுள் 498 மின் வண்டிகள். தீ பரவிய வேகத்தில் மாலுமிகள் சிலர் மிக உயரத்திலிருந்து கடலிற் குதித்தனர். இந்திய மாலுமி ஒருவர் உயிரிழந்தார். தீ பல நாட்கள் எரிந்தது. மின் வண்டியிலிருந்தே நெருப்புப் பிறந்திருக்க வேண்டும் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. பின்னர்க் கப்பல் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டு உள்ளே பார்க்கப்பட்டபோது, கீழ்த் தளங்களில் ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள், மின் வண்டிகள் உட்பட, எரியாமல் நின்றன. தீயின் மூலத்தை மின் வண்டியின் மேல் ஏற்றுவதற்குச் சான்று கிட்டவில்லை.

எண்ணெய் வண்டிகளும் பழைய வண்டிகளும் கப்பலை எரித்த கதைகள் பல. 2020 யூனில் அமெரிக்காவின் சாக்சன்வில் துறைமுகத்தில் 'ஓக் சியாமென்' என்னும் கப்பல் எரிந்தது. அதில் ஏற்றப்பட்டவை பழைய எண்ணெய் வண்டிகளே. அவற்றின் சாதாரணப் பற்றரிகளை ஒழுங்காகக் கழற்றிக் காப்பிடாமல் ஏற்றியமையே காரணத்தோடு தொடர்புற்றது என ஆய்வாளர் கண்டனர். தீயணைப்பு வீரர் ஒன்பதின்மர் காயமுற்றனர். 2023 யூலையில் நியூயேர்சி மாநிலத்தின் நியுவாக் துறைமுகத்தில் மற்றொரு கப்பலில், பழுதுற்ற வண்டிகளைத் தள்ளி ஏற்றிய எண்ணெய் வண்டியொன்று தீப்பற்றியது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிர் துறந்தனர்.

சுவீடன் நாட்டின் கணக்கு ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. 2022ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஓடிய, மின்னும் எண்ணெயும் கலந்து ஓடுபவை உட்பட ஏறத்தாழ 6 இலட்சம் மின் வண்டிகளுள் தீப்பற்றியவை 23 மட்டுமே. எண்ணெய் வண்டிகளுள் தீப்பற்றியவை விகிதத்திலும் இதனினும் பன்மடங்கு மிகுதி. மின் வண்டிகள் பெரும்பாலும் புதியவை. எண்ணெய் வண்டிகளுட் பல பழையவை என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும். அவ்வாறு கொண்டாலும், மின் வண்டி அடிக்கடி தீப்பற்றுவது என்னும் எண்ணம் நிலைபெறாது. அது தீப்பற்றுவது அரிது. பற்றினால் அணைப்பது அரிது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

அப்படியாயின், கப்பல்களை அழிப்பது யாது? மேலே கூறியவற்றையும் இனிக் கூறுபவற்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு பொதுவான காரணம் புலனாகும். உள்ளே ஏற்றப்படுவது இன்னதென்று உண்மை கூறப்படாமை. கூறப்பட்ட உண்மையைக் கேட்க வேண்டியோர் கேளாமை. பெருந்தீயின் பின்னால் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்று நிற்கிறது.

2022 ஜனவரியில் 'கொசுக்கோ பசிபிக்' என்னும் கப்பல், சீனாவிலிருந்து இந்தியாவின் நாவசேவாத் துறைமுகம் நோக்கிச் செல்கையில், அரபிக் கடலில் ஒரு கொள்கலன் தீப்பற்றியது. அக்கொள்கலனில் இருந்தவை இலிதியம் பற்றரிகள். ஏற்றுமதிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்ததோ 'உதிரிப் பாகங்களும் துணைப் பொருள்களும்' என்பதாகும். ஏற்றுக்கூலியில் சிறிது மிச்சம் பிடிப்பதற்கோ, கட்டுப்பாடுகளைத் தவிர்ப்பதற்கோ எழுதப்படும் இத்தகைய பொய், நடுக்கடலில் மாலுமிகளின் உயிரோடு விளையாடுகிறது. தம் காலடியில் இருப்பது என்னவென்று அறியாத மாலுமி, எந்த நெருப்பை எப்படி அணைப்பார்?

பத்திரத்தில் உண்மை இருந்தும் கேளாச் செவியால் விளைந்த கேட்டினை இலங்கை தன் கண்ணாலேயே கண்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்த 'எக்சு-பிரெசு பேர்ள்' கப்பலின் கதை அது. கட்டி முடிக்கப்பட்டுச் சில மாதங்களே ஆன புதிய கப்பல். 1486 கொள்கலன்களைச் சுமந்து வந்தது. அவற்றுள் 25 தொன் நைத்திரிக்கமிலமும் இருந்தது. கொழும்பை அடைவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே, அமிலக் கொள்கலனொன்று கசிவதை மாலுமிகள் கண்டுவிட்டனர். கட்டாரின் அமத் துறைமுகத்திலும், இந்தியாவின் அசிராத் துறைமுகத்திலும் அதனை இறக்கித் தருமாறு கேட்கப்பட்டது. இரண்டும் இசையவில்லை. கசியும் அமிலத்தோடு கப்பல் கொழும்பு நோக்கி வந்தது.

மே 20ஆம் நாள், கொழும்புக்கு வடமேற்கே நங்கூரமிட்டிருந்த அக்கப்பலில் தீ வெளிப்பட்டது. 25ஆம் நாள் பெருவெடிப்பு நேர்ந்தது. மாலுமிகள் 25 பேரும் கரைசேர்க்கப்பட்டனர். பருவக்காற்று வீச, நெருப்பு முழுக் கப்பலையும் விழுங்கியது. ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது யூன் 2ஆம் நாள் அதன் பின்புறம் கடலடியில் தட்டி நின்றது. ஏறத்தாழ 1680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. எரிந்தும் எரியாமலும் அவை கரையெங்கும் வெண்பனி போலப் படிந்தன. இறந்த ஆமைகளும் மீன்களும் கரையில் ஒதுங்கின.

களுத்துறை முதல் நீர்கொழும்பு வரை கடற்றொழில் தடைசெய்யப்பட்டது. வள்ளம் கரையில் கிடந்தது. வலை வெயிலிற் காய்ந்தது. கடன்பட்டு இயந்திரம் வாங்கிய மீனவர் அதற்குரிய தவணையைத் தேட வழியின்றி நின்றார். தடை எட்டாத கரைகளிலும் கடல்மீனை வாங்க மக்கள் அஞ்சினர். 2025ஆம் ஆண்டு யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு வழங்குமாறு கப்பலுக்கு உரியோர்க்குத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருவதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன. கசிந்த அந்த ஒரு கொள்கலனை இறக்கி வைப்பதற்கு ஒரு துறைமுகம் முன்வந்திருந்தால் இத்தனையும் தவிர்ந்திருக்கக் கூடும்.

இது தனித்த நிகழ்ச்சியன்று. அதற்கு முன்னர், 2020 செப்டெம்பர் 3ஆம் நாள், அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால், ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெயைச் சுமந்த 'நியூ டயமண்ட்' கப்பலில் தீ மூண்டு மாலுமி ஒருவர் மாண்டார். எண்ணெய்த் தாங்கிகளைத் தீ எட்டாமையால் கிழக்குக் கரை தப்பியது. 2025 யூன் 9ஆம் நாள், கொழும்பிலிருந்து புறப்பட்டு நாவசேவா நோக்கிச் சென்ற 'வான் ஐ 503' என்னும் கொள்கலன் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் வெடித்துத் தீப்பிடித்தது. 22 மாலுமிகளுள் 18 பேர் மீட்கப்பட்டனர். நால்வர் காணாமற் போயினர். உலகின் பெருங் கப்பற்பாதை இலங்கையின் தென்கரையை ஒட்டிச் செல்கிறது. அதில் செல்லும் ஒவ்வொரு கப்பலும் இத்தீவின் கரைக்கும் மீனுக்கும் மீனவருக்கும் அயலார் ஆகிறது.

இனி, மக்களும் வண்டிகளும் சேர்ந்து ஏறும் கடவைக் கப்பல்களை நோக்குவோம். சுமைக் கப்பலில் இருபது பேர், இவற்றில் நூற்றுக்கணக்கானோர். இங்கே இடரும் பன்மடங்கு. 2006 பெப்ரவரியில், சவூதி அரேபியாவிலிருந்து எகிப்து நோக்கிச் செங்கடலில் சென்ற 'அல் சலாம் பொக்காச்சியோ 98' என்னும் கப்பலில் ஏறத்தாழ 1400 பேர் இருந்தனர். வாகனத் தளத்தில் தீ மூண்டது. கப்பல் திரும்பாது மேற்செல்லவே, தீயை அணைக்க இறைத்த நீர் வெளியேற வழியின்றித் தளத்தில் தேங்கி ஒருபக்கம் சாய்ந்தது. கப்பல் கவிழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது மின் வண்டித் தீயன்று. ஆயினும் பற்றரித் தீயைக் குளிர்விக்கப் பெருமளவு நீர் வேண்டும் என்பதை எண்ணும்போது, அந்நீர் தளத்திலிருந்து வடிந்தோட வழி அமைத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2010 நவம்பரில் 'பேர்ள் ஒப் இசுக்கண்டிநேவியா' என்னும் கப்பலின் வாகனத் தளத்தில், எண்ணெய் வண்டியாக இருந்து மின் வண்டியாக மாற்றப்பட்ட ஒரு வண்டி, மின்னேற்றிக்கொண்டிருக்கையில் தீப்பற்றியது. தீ உடனே அறியப்பட்டது. கூரையிலிருந்து நீர் பொழியும் அமைப்பு உடனே திறந்துவிடப்பட்டது. பயணிகள் அனைவரும் உயிருடன் கரைசேர்ந்தனர். இரு கப்பல்களையும் பிரித்த வேறுபாடு வண்டியின் வகையில் இல்லை. முதற் புகையைக் கண்டதும் என்ன செய்யப்பட்டது என்பதிலேயே இருந்தது.

மின் வண்டிகளை ஏற்றுவதே இல்லை என்று முடிவு செய்த கம்பெனிகளும் உள்ளன. நோர்வே நாட்டின் 'அவிலா' என்னும் கம்பெனி 2023 ஜனவரியில் தன் கரையோரக் கப்பல்களில் அவற்றை மறுத்தது. அமெரிக்காவின் 'மற்சன்' என்னும் கம்பெனி 2025 யூலையில் அவாய்த் தீவுகளுக்கும் குவாம் தீவுக்கும் அவற்றைக் கொண்டுசெல்வதை நிறுத்தியது. தம் கப்பல்களின் தீயணைப்பு வசதியை அளந்து எடுத்த முடிவு என்ற வகையில் அதனைப் பழித்தல் ஆகாது. ஆனால் அதே நோர்வேயில் 2024ஆம் ஆண்டில் புதிதாகப் பதிவான பயணிகள் வண்டிகளுள் ஏறத்தாழ 89 வீதம் மின் வண்டிகள். அந்நாட்டின் கடவைக் கப்பல்கள் அவற்றை நாள்தோறும் ஏற்றி இறக்குகின்றன. அக்கப்பல்களுட் பல தாமே பற்றரியால் ஓடுகின்றன. ஏற்க மறுப்பதற்கும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதற்கும் நடுவே, அறிந்து ஏற்றுதல் என்னும் வழி ஒன்று உண்டு என்பதை அந்நாடே காட்டுகிறது.

அறிந்து ஏற்றுதல் என்பதில் அடங்குபவை சில. ஏற்றப்படும் வண்டி எவ்வகையினது என்பது பத்திரத்தில் ஐயமின்றி எழுதப்பட வேண்டும். 2026 ஜனவரி முதல் கட்டாயமான அனைத்துலகக் கடல்வழி அபாயப் பொருள் விதிகளில், இலிதியம் அயன் பற்றரியால் ஓடும் வண்டிக்கு 3556 என்னும் தனி எண் வழங்கப்பட்டுள்ளது. முன்னர் எல்லா வகையும் ஒரே எண்ணின் கீழ்க் கிடந்தன. விபத்தில் அடிபட்ட வண்டியை நல்ல வண்டிகளோடு கலந்து நிறுத்தக் கூடாது. பற்றரியில் மின் நிரம்பி வழிய ஏற்றாமல் குறைத்து வைக்க வேண்டும். நிரம்பிய பற்றரி குறைந்த பற்றரியினும் கடுமையாக எரியும். எந்தத் தளத்தில் எத்தனை மின் வண்டிகள் உள்ளன என்பது மாலுமிகளின் கையில் வரைபடமாக இருக்க வேண்டும். வெப்பத்தை உணரும் கருவிகளும், தளத்தைப் பார்க்கும் கமராக்களும், போதிய நீரும், அந்நீர் வடியும் வழியும் வேண்டும். தளத்தை அடைத்துக் காபனீரொட்சைட்டைச் செலுத்தும் முறை பற்றரியின் உட்சூட்டை முற்றாகத் தணிக்காது. ஆயினும் காலந்தாழ்த்தாது செலுத்தினால் அயல் வண்டிகளுக்குத் தீ பரவுவதைத் தடுக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இடருற்ற கப்பலுக்குப் புகலிடம் வேண்டும். நோயுற்றவரை எந்த வீட்டாரும் ஏற்காது வீதி வீதியாக அனுப்பினால், நோய் ஊரெங்கும் பரவும். துறைமுகங்களின் செய்கையும் அவ்வாறே ஆகிவிடுகிறது. கசியும் கொள்கலனையோ புகையும் வண்டியையோ தனியே இறக்கி வைக்க இடமும், பயிற்சி பெற்ற ஆட்களும் கருவிகளும் அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் திருகோணமலையிலும் நிலையாக இருக்குமானால், இன்னொரு 'பேர்ள்' நிகழாது காக்கலாம். அதற்காகும் செலவு பெரிதுதான். நீர்கொழும்பு மீனவர் இழந்ததோடு ஒப்பிடுகையில் அது சிறிது.

வட மாகாணத்து மக்களுக்கு இன்னும் அண்மையான ஒரு கடலும் உண்டு. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, 'பாதை' என்று மக்கள் அழைக்கும் மிதவை ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒருங்கே ஏற்றுகிறது. தீவுப் பகுதிக்குச் செல்லும் படகுகளிலும் இருசில்லு வண்டிகள் ஏறுவதுண்டு. பாதையில் மேலே வானமே கூரை. பயணமும் சில நிமிடங்களே. ஆகவே பெருங் கப்பலின் இடர் அங்கே இல்லை. ஆயினும் நெருங்கி நிற்கும் மக்களுக்கு விலகி ஓட இடமும் இல்லை. 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்தபோது பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். சிறு நீர்நிலை என்று எண்ணிச் சிறு கவனமே செலுத்தியதன் விளைவு அது.

மின் வண்டி ஏறும் மிதவைக்கு வேண்டுபவை எளியவை. வண்டியைக் கரையோரம் எளிதில் இறக்கக்கூடிய விளிம்பில் நிறுத்துக. பயணத்தின்போது மின்னேற்றற்க. அடிபட்டது, வீங்கியது, வெள்ளத்தில் மூழ்கியது ஆகிய பற்றரிகளை மக்களோடு ஏற்றற்க. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி கொணர்ந்த வெள்ளத்தில் இலங்கையெங்கும் வண்டிகள் பல மூழ்கின. நீரில் மூழ்கிய மின் வண்டி, சிறப்பாக உப்பு நீரில் மூழ்கியது, உலர்ந்து பல நாட்களின் பின்னரும் தீப்பற்றக்கூடும். 2022இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைத் தாக்கிய 'இயன்' சூறாவளியின் பின்னர் இவ்வாறு வண்டிகள் எரிந்தன. அத்தகைய வண்டியை அறிந்தவர் சோதிக்கும் வரை வீட்டை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்துதலே நன்று. கழுவித் துடைத்து, பழுதை மறைத்து, மற்றொருவர் தலையில் கட்டிவிடுதல் வணிகமன்று, தீயைக் கைமாற்றுதல்.

ஓமந்தையில் ஒரு காலத்தில் ஒவ்வொரு வண்டியும் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு பொதியும் அவிழ்த்துக் காட்டப்பட்டது. கைக்குழந்தையோடு வந்த தாயும், முதுமையால் தளர்ந்த தந்தையும் வெயிலில் வரிசையாக நின்றனர். அச்சாவடி அகன்றது, மக்கள் நிம்மதி கொண்டனர். சோதனை என்னும் சொல் அவ்வூராரின் செவிக்கு இன்றும் இனிதன்று. ஆயினும் சோதனையில் இருவகை உண்டு. மனிதரை ஐயுற்று அவரது பொதியைத் திறப்பது ஒன்று. மனிதரைக் காக்கும் பொருட்டுச் சுமையைத் திறந்து பார்ப்பது மற்றொன்று. துறைமுகத்தில் நிகழ வேண்டியது பின்னையது. அது முகம் பார்க்காமலும் கைக்கூலி பெறாமலும் நிகழ வேண்டும்.

வைக்கோற் போரை அடுக்கும் உழவர், அடுக்குமுன் ஒரு பிடியை எடுத்து முறுக்கிப் பார்க்கிறார். ஈரம் இருந்தால் வெயிலில் இன்னும் ஒருநாள் பரப்புகிறார். வேலை ஒருநாள் தாமதமாகிறது. போர் ஆண்டு முழுவதும் நிற்கிறது. அந்த ஒரு பிடி வைக்கோலுக்கு அவர் காட்டும் கவனத்தைக் கப்பலேற்றுவோரும் துறைமுகத்தாரும் ஒவ்வொரு வண்டிக்கும் காட்டுவாராயின், கடல் கடந்து வரும் மின் வண்டி கரைக்கும் மீனவருக்கும் கேடு விளைக்காது ஓமந்தைத் தெருவில் வந்து ஓடும்.